டிசி (மாற்றுச் சான்றிதழ்) இல்லாமல் அரசுப் பள்ளியில் சேர்க்க முடியுமா? (பையன் 3ஆம் வகுப்பு, பெண் 6ஆம் வகுப்பு)

தறிநூல் | ஜூன் 5, இரவு 9.42

வணக்கம். இங்கே வந்து படித்துவிட்டுப் போவேன், எழுதுவது இதுதான் முதல் தடவை.

ஊர் ஈரோட்டுக்குப் பக்கம். விசைத்தறி ஓட்டுகிறேன். பிள்ளைகள் இருவரும் இதுவரை ஒரு மெட்ரிக் பள்ளியில் படித்தார்கள். பெண் ஐந்தாவது முடித்துவிட்டாள், பையன் இரண்டாவது. போன வருடம் தறி பாதி நாள் நின்றே கிடந்தது. இரண்டு டெர்ம் ஃபீஸ் கட்ட முடியவில்லை. வேன் காசும் சேர்ந்து 31,000 பாக்கி. இல்லை என்று சொல்லவில்லை, பாக்கிதான்.

இந்த வருடம் இரண்டு பேரையும் அரசுப் பள்ளிக்கு மாற்றிவிடலாம் என்று டிசி கேட்டேன். முழுப் பணத்தையும் கட்டினால்தான் டிசி என்று ஆபீஸ் ரூமில் சொல்லிவிட்டார்கள். பாதி கட்டுகிறேன், மீதிக்கு எழுதித் தருகிறேன் என்றேன். அந்த அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

பையனுக்கு எங்கள் தெருக்கோடியிலேயே ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி இருக்கிறது. எச்.எம். (தலைமையாசிரியர்) நல்ல மனிதர். ஆனால் "டிசி இல்லாமல் எப்படிங்க, கம்ப்யூட்டரில் ஏறாதே" என்கிறார். பெண்ணுக்கு மூன்று கிலோமீட்டர் தள்ளி அரசு மேல்நிலைப் பள்ளி. அங்கே "ஆறாவதுக்கு சின்னதாக ஒரு டெஸ்ட் இருக்கிறது, திங்கட்கிழமை கூட்டிவாங்க" என்றார்கள்.

பள்ளி திறந்து நாலு நாள் ஆகிவிட்டது. இரண்டும் வீட்டில் டிவி முன்னால் உட்கார்ந்திருக்கின்றன. ஏதாவது வழி உண்டா?

இன்னொன்று. பெண்ணின் பிறப்புச் சான்றிதழில் பெயருக்கு முன்னால் இனிஷியல் மட்டும். ஆதாரில் என் முழுப் பெயரும் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதுவும் வம்பாகுமா?

கரூர்க்காரன் | ஜூன் 5, இரவு 9.58

14417க்குப் போன் போடுங்கள். பள்ளிக்கல்வித் துறை உதவி எண். மற்றதைப் பெரியவர்கள் வந்து சொல்வார்கள்.

பஞ்சுமிட்டாய் | ஜூன் 5, இரவு 10.20

போன் போட்டால் "உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது" என்று வரும். அதை ஃபிரேம் போட்டு மாட்டிக்கொள்ளலாம். ஒன்று பாக்கியைக் கட்டுங்கள், இல்லை யாராவது கட்சிக்காரரைப் பிடியுங்கள். நம் ஊரில் வேறு வழி இல்லை.

சட்டப்புள்ளி | ஜூன் 5, இரவு 11.05

பஞ்சு, உங்கள் ஊர் எதுவென்று தெரியவில்லை, ஆனால் சட்டம் எல்லா ஊருக்கும் ஒன்றுதான்.

தறிநூல், டிசி இல்லாமல் சேர்க்கலாமா என்று கேட்கிறீர்கள். சேர்த்தே ஆக வேண்டும். 2009ஆம் ஆண்டு கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் என்றால் தனியார் பள்ளியில் நலிந்த பிரிவுப் பிள்ளைகளுக்கு 25 சதவீத இடம் என்பது மட்டும்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். அதே சட்டத்தின் 5ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். எந்தக் காரணத்துக்காகக் குழந்தை பள்ளி மாறினாலும், பழைய பள்ளித் தலைமையாசிரியர் உடனடியாக டிசி கொடுக்க வேண்டும். அது வரத் தாமதமானது என்று சொல்லிப் புதிய பள்ளி சேர்க்கையைத் தள்ளிப்போடவும் கூடாது, மறுக்கவும் கூடாது. புதிய பள்ளி அரசுப் பள்ளியாகவோ அரசு உதவி பெறும் பள்ளியாகவோ இருக்க வேண்டும். உங்களுக்கு அது பொருந்துகிறது.

இது 6 வயது முதல் 14 வயது வரை, எட்டாம் வகுப்பு வரைக்கும். உங்கள் இரண்டு பிள்ளைகளும் இதற்குள் வருகிறார்கள். ஒன்பதாவது, பத்தாவது என்றால் கதை கொஞ்சம் வேறு.

டெஸ்ட் விஷயம் 13ஆம் பிரிவு. சேர்க்கைக்காகக் குழந்தையையோ பெற்றோரையோ வடிகட்டும் எந்தத் தேர்வும் கூடாது. முதல் தடவை 25,000 ரூபாய் வரை அபராதம், அதற்குமேல் ஒவ்வொரு தடவைக்கும் 50,000 வரை. அரசுப் பள்ளிக்கும் இது உண்டு.

பாக்கியைப் பொறுத்தவரை, 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. டிசி என்பது ஃபீஸ் வசூலிக்கும் கருவி அல்ல, அதில் பாக்கி இருக்கிறது என்று எழுதவும் கூடாது. வர வேண்டிய பணத்துக்குப் பள்ளி உங்கள் மேல் சிவில் வழக்குப் போடலாம். அதற்கு உரிமை உண்டு. பையனை அடகு வைத்துக்கொள்ள உரிமை இல்லை.

சாக்பீஸ்துகள் | ஜூன் 6, காலை 6.30

எல்லோரும் சட்டம் பேசுகிறீர்கள், சரி. நான் ஒரு மெட்ரிக் பள்ளியில் பதினோரு வருடமாகக் கணக்கு எடுக்கிறேன். எங்களுக்கு மே மாதச் சம்பளம் கிடையாது. போன வருடம் எங்கள் பள்ளியில் ஏழெட்டுக் குடும்பம் பாக்கியை வைத்துவிட்டு மே மாதம் கிளம்பிவிட்டது. ஆகஸ்ட் வரைக்கும் எங்களுக்குச் சம்பளம் பாதி பாதியாக வந்தது. டிசியைப் பிடித்து வைப்பது தப்பு என்று எனக்கும் தெரியும். ஆனால் "வழக்குப் போடலாம்" என்று சொல்வது சுலபம். 31,000க்கு எந்தப் பள்ளி கோர்ட் ஏறும்?

தறிநூல் அண்ணா, உங்களைச் சொல்லவில்லை. நீங்கள் எழுதித் தருகிறேன் என்றாவது கேட்டிருக்கிறீர்கள். எங்கள் பள்ளியில் பாதிப் பேர் போனையே எடுப்பதில்லை.

தறிநூல் | ஜூன் 6, காலை 7.15

டீச்சர், நீங்கள் சொல்வது வலிக்கிறது, நியாயம்தான். மாதம் 2,000 வீதம் கட்டுகிறேன் என்று தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறேன். இன்றைக்கு அதையே பதிவுத் தபாலில் அனுப்புகிறேன்.

ஓய்வு_எச்எம் | ஜூன் 6, காலை 8.10

தம்பி தறிநூல், நான் முப்பத்தி மூன்று வருடம் ஒன்றியப் பள்ளிகளில் இருந்தவன். சட்டப்புள்ளி சொன்னது எல்லாம் சரி. ஆனால் உங்கள் ஊர் எச்.எம். சட்டம் தெரியாமல் தயங்கவில்லை. அவர் பயப்படுவது ஈ.எம்.ஐ.எஸ்.ஸுக்கு, அதாவது துறையின் மாணவர் விவரக் கணினிப் பதிவுக்கு.

விவரம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தமிழ்நாட்டில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஈ.எம்.ஐ.எஸ். எண் என்று ஒன்று உண்டு. எல்.கே.ஜி.யில் எந்தப் பள்ளியில் கால் வைத்ததோ அங்கே போட்ட எண், பன்னிரண்டாவது வரை அதேதான். பிள்ளை பள்ளி மாறும்போது பழைய பள்ளி தன் லாகினிலிருந்து அதை விடுவித்து "காமன் பூல்" என்று ஒரு பொது இடத்தில் போட வேண்டும். புதிய பள்ளி அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். குளத்தில் விட்ட மீனை இன்னொருவன் வலை போட்டு எடுப்பது மாதிரி. பழைய பள்ளி விடவில்லை என்றால் பிள்ளை இங்கே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும், கணக்கில் அங்கே இருக்கும். கணக்கில் இல்லாத பிள்ளைக்குப் புத்தகம், சீருடை, காலணி கேட்டு வாங்குவது எச்.எம்.முக்குத் தலைவலி. அதனால்தான் "கம்ப்யூட்டரில் ஏறாதே" என்கிறார்.

வழி இருக்கிறது. சேர்க்கைப் பதிவேடு என்று நீள நோட்டு ஒன்று எச்.எம். மேஜை டிராயரில் இருக்கும். சேர்க்கை என்றால் அதில் பெயர் ஏறுவதுதான், கம்ப்யூட்டரில் ஏறுவது இல்லை. நோட்டில் எழுதி, வருகைப் பதிவேட்டில் பெயர் போட்டு, பிள்ளையை வகுப்பில் உட்கார வைத்துவிட வேண்டும். அப்புறம் பழைய பள்ளிக்கு ஈ.எம்.ஐ.எஸ்.ஸிலேயே கோரிக்கை அனுப்பலாம். பழைய பள்ளி அசையவில்லை என்றால் பி.இ.ஓ.வுக்கு (வட்டாரக் கல்வி அலுவலர்) ஒரு கடிதம். தனியார் பள்ளிகளுக்கென்று தனியாக ஒரு மாவட்டக் கல்வி அலுவலர் இருக்கிறார், அவருக்கு ஒரு நகல். என் அனுபவத்தில் அந்த நகல் போன வேகத்தில் மீன் குளத்துக்கு வந்துவிடும்.

நீங்கள் எச்.எம்.மிடம் போகும்போது ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக்கொண்டு போங்கள். இன்ன தேதியில் டிசி கேட்டேன், இன்ன காரணம் சொல்லித் தரவில்லை, வந்ததும் ஒப்படைக்கிறேன். கீழே கையெழுத்து. அவருக்கு ஃபைலில் வைக்க ஒரு தாள் வேண்டும், அவ்வளவுதான். எங்கள் இனமே அப்படித்தான், தாள் இருந்தால் தைரியம் வந்துவிடும்.

பெயர் விஷயம்: பதிவேட்டில் பிறப்புச் சான்றிதழில் உள்ளபடியே எழுதச் சொல்லுங்கள். ஆதாரை அதற்கு ஏற்ற மாதிரி மாற்றுங்கள். பல பேர் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டுப் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் வந்தபின் அலைகிறார்கள்.

நிலா_அம்மா | ஜூன் 6, காலை 11.25

இழையை நடுவில் திருப்புவதற்கு மன்னிக்கவும். ஐயா, என் மகள் பிறந்தது 2020 ஆகஸ்ட் 9. அங்கன்வாடிக்குப் போகிறாள், எழுத்தெல்லாம் தெரியும், நூறு வரை சொல்வாள். ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப் போனால் ஜூலை 31க்குள் ஐந்து வயது முடிய வேண்டும், ஒன்பது நாள் குறைகிறது, அடுத்த வருடம் வாங்க என்கிறார்கள். ஒன்பது நாளுக்காக ஒரு வருடமா? என் மாமியார் "எங்க காலத்துல வாத்தியார்கிட்ட சொன்னா தேதியை மாத்திக்குவார்" என்கிறார்.

ஓய்வு_எச்எம் | ஜூன் 6, மதியம் 12.40

அம்மா, மாமியார் சொல்வது பொய் இல்லை. அந்தக் காலத்து வாத்தியார் மாற்றிய தேதியோடுதான் நான் வாழ்கிறேன்.

நான் பிறந்தது 1958 கார்த்திகையில். என்னைச் சேர்க்கப் போன அன்று வலது கையைத் தலைக்கு மேல் போட்டு இடது காதைத் தொடச் சொன்னார்கள். விரல் நுனி தொட்டது. தொட்டால் ஐந்து வயது முடிந்தது என்று கணக்கு. வாத்தியார் 1.6.1958 என்று எழுதிவிட்டார். எங்கள் வகுப்பில் முக்கால்வாசிப் பேர் மே, ஜூனில் பிறந்தவர்கள். அப்பாவுக்கு ஒரு வருடம் மிச்சம் என்று சந்தோஷம்.

ஐம்பத்தி மூன்று வருடம் கழித்து அதற்கு விலை கொடுத்தேன். மாதம் முதல் தேதியில் பிறந்தவன் முந்தின மாதக் கடைசியிலேயே ஓய்வு. 2016 மே 31 அன்று மாலை போட்டு அனுப்பிவிட்டார்கள். உண்மைத் தேதி இருந்திருந்தால் நவம்பரில் ஓய்வு. பள்ளி வருடத்தின் நடுவில் ஓய்வு பெறும் ஆசிரியரை வருடக் கடைசி வரை மறுநியமனத்தில் வைத்துக்கொள்வார்கள், ஆக அடுத்த மே வரை போயிருக்கும். ஒரு முழு வருடச் சம்பளம் என் வாத்தியாரின் பேனா முனையில் போயிற்று.

இப்போது மாற்றவும் முடியாது. சான்றிதழ் இணையத்திலேயே இருக்கிறது. 2023 அக்டோபர் 1க்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கைக்குப் பிறந்த தேதி ஆதாரம் பிறப்புச் சான்றிதழ் என்று சட்டத்தையே திருத்திவிட்டார்கள். ஒரு வருடம் அங்கன்வாடியிலேயே இருக்கட்டும். சில நடுநிலைப் பள்ளிகளில் யு.கே.ஜி. நடக்கிறது, பக்கத்தில் இருந்தால் விசாரியுங்கள். ஒன்றும் குடி மூழ்கிவிடாது.

சட்டப்புள்ளி | ஜூன் 6, மதியம் 1.15

ஒரு சின்னச் சேர்க்கை. ஐந்து வயது என்பது தமிழ்நாட்டுக் கணக்கு. கேந்திரிய வித்யாலயாவில் 2022-23 முதல் ஒன்றாம் வகுப்புக்கு ஆறு வயது, அதுவும் மார்ச் 31 அன்று. ஒரே தெருவில் இருக்கும் இரண்டு அரசுப் பள்ளிகளில் இரண்டு கணக்கு. எங்கள் அபார்ட்மென்ட் வாட்ஸாப் குழுவில் வருடா வருடம் ஏப்ரலில் இதற்கு ஒரு சண்டை நடக்கும்.

திருப்பூர்_டீச்சர் | ஜூன் 6, இரவு 8.50

பிறப்புச் சான்றிதழ் பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். அது இல்லை என்றும் பிள்ளையைத் திருப்பி அனுப்பக் கூடாது, அதே சட்டத்தின் 14ஆம் பிரிவு. என் வகுப்பில் இப்போது 34 பேர், அதில் 13 பேருக்கு வீட்டில் பேசும் மொழி தமிழ் இல்லை. பனியன் கம்பெனி வேலைக்கு வந்த பீகார், ஒடிசாக் குடும்பங்கள்.

போன வருடம் ஜூலைக் கடைசியில் ஒருவர் பெண் பிள்ளையைக் கூட்டிவந்தார். பிளாஸ்டிக் கவரில் நாலாக மடித்து ஒரே ஒரு காகிதம். தடுப்பூசி அட்டை. மடிப்பு மடிப்பாகக் கிழிந்து செல்லோடேப் ஒட்டியிருந்தது. அதில் முதல் ஊசி போட்ட தேதி மட்டும் தெரிந்தது. எங்கள் எச்.எம். அந்தத் தேதியை வைத்தும், அப்பாவிடம் ஓர் உறுதிமொழி வாங்கியும் வயதைப் போட்டார். விதியில் இதற்கு இடம் இருக்கிறது: மருத்துவமனைப் பதிவு, அங்கன்வாடிப் பதிவு, எதுவும் இல்லையென்றால் பெற்றோரின் உறுதிமொழி. பிள்ளைக்கு எட்டு வயது, பள்ளிக்கே போனதில்லை. வயதுக்கு ஏற்ற வகுப்பு என்று மூன்றாவதில் உட்கார வைத்தோம்.

அது நல்லதா என்றால் எனக்கு இன்னும் குழப்பம்தான். எட்டு வயதுப் பிள்ளையை ஒன்றாவதில் குட்டிகளோடு உட்கார வைத்தால் கூச்சப்பட்டு நின்றுவிடும். மூன்றாவதில் வைத்தால் நாங்கள் தனியாகச் சொல்லித்தர வேண்டும். சட்டம் சிறப்புப் பயிற்சி என்கிறது. பயிற்சி என்பது மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் நானும் அவளும் ஒரு பலகையும். தீபாவளிக்கு ஊருக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தபோது "டீச்சர், ரயில்ல எல்லா போர்டும் படிச்சேன்" என்றாள். தமிழ் போர்டு எவ்வளவு தூரத்துக்கு வந்திருக்கும், தமிழ்நாட்டு எல்லை வரைக்கும்தான். ஆனாலும் சரி.

கரூர்க்காரன் | ஜூன் 6, இரவு 9.05

டீச்சர் 👏

ஆதார் இல்லையென்றால்?

சட்டப்புள்ளி | ஜூன் 6, இரவு 9.30

பள்ளிச் சேர்க்கைக்கு ஆதார் கட்டாயம் இல்லை. 2018 செப்டம்பர் 26 அன்று உச்ச நீதிமன்றம் ஆதார் வழக்கில் சொன்ன தீர்ப்பிலேயே இருக்கிறது. ஆதார் இல்லை என்று எந்தக் குழந்தைக்கும் ஒரு சலுகையை மறுக்கவும் கூடாது. நடைமுறையில் எல்லாப் பள்ளியும் கேட்கும், கொடுத்தால் வேலை சுலபம். இல்லையென்றால் இல்லை என்று எழுதிச் சேர்க்க வேண்டியதுதான்.

சாதிச் சான்றிதழும் அப்படியே. உதவித்தொகைக்கு வேண்டும், சேர்க்கைக்கு அது இல்லாமல் முடியாது என்று இல்லை. சாதி, மதம் எழுத விருப்பமில்லை என்றால் அந்த இடத்தை வெறுமையாக விடலாம் என்று 1973லேயே அரசாணை போட்டிருக்கிறார்கள்.

மஞ்சப்பை | ஜூன் 7, காலை 9.20

தறிநூல் அண்ணாவுக்கு ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் மகளை இந்த வருடமே, ஆறாவதிலேயே, எப்படியாவது சேர்த்துவிடுங்கள். டெஸ்ட் அது இது என்று சொன்னால் கோபித்துக்கொண்டு "இன்னும் ஒரு வருடம் போகட்டும்" என்று பழைய பள்ளியிலேயே விட்டுவிடாதீர்கள். நான் அதைத்தான் செய்தேன்.

என் மகளை ஏழாவதில் அரசுப் பள்ளிக்கு மாற்றினேன். ஒரு வருடம் தள்ளியதில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன். இப்போது பன்னிரண்டாவது முடித்து நல்ல மார்க் வாங்கியிருக்கிறாள். மருத்துவப் படிப்புக்கு அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத இட ஒதுக்கீடு என்று 2020இல் கொண்டுவந்தார்களே, பிறகு இன்ஜினியரிங்குக்கும் வந்ததே, அதற்கு ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டத்துக்கும் ஆறாவதிலிருந்துதான் கணக்கு. ஆறு வருடம் படித்தவளுக்கு அந்த ஒரு ஆறாவது இல்லாததால் இரண்டும் இல்லை. கவுன்சலிங் ஃபாரத்தில் ஆறாம் வகுப்பு என்ற கட்டத்தில் பழைய பள்ளிப் பெயரை டைப் செய்தபோது அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே... விடுங்கள்.

சட்டப்புள்ளி | ஜூன் 7, காலை 10.02

ரொம்ப முக்கியமான விஷயம் மஞ்சப்பை. ஒரே ஒரு விலக்கு: 25 சதவீத ஒதுக்கீட்டில் தனியார் பள்ளியில் எட்டாவது வரை படித்துவிட்டு, ஒன்பதாவது முதல் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 உண்டு. ஃபீஸ் கட்டிப் படித்தவர்களுக்கு இல்லை.

பஞ்சுமிட்டாய் | ஜூன் 7, காலை 10.40

அப்போ எல்லோரும் ஆங்கிலத்துக்காக ஐந்தாவது வரை தனியாரில் விட்டு, சலுகைக்காக ஆறாவதில் அரசுப் பள்ளிக்கு ஓடி வருகிறார்கள். தெருக்கோடி ஒன்றியப் பள்ளியில் மட்டும் ஒன்று முதல் ஐந்து வரை மொத்தம் பதினெட்டுப் பேர். நல்ல திட்டம்.

ஓய்வு_எச்எம் | ஜூன் 7, காலை 11.30

பஞ்சு, உங்கள் வாயிலிருந்து வந்த முதல் உண்மை. நான் கடைசியாக இருந்த பள்ளியில் 22 பேர், இரண்டு ஆசிரியர். மார்ச் மாதமே ஒலிபெருக்கி கட்டி ஆட்டோவில் ஊர் ஊராகப் போய்ப் பிள்ளை பிடித்திருக்கிறேன். மூன்று கிலோமீட்டர் தள்ளி மேல்நிலைப் பள்ளியில் ஆறாவதுக்கு இடமில்லை என்று டெஸ்ட் வைப்பார்கள். ஒரே துறை, ஒரே ஜூன் மாதம்.

தறிநூல் | ஜூன் 9, இரவு 8.15

எல்லோருக்கும் நன்றி. சனிக்கிழமை பக்ரீத் விடுமுறை, இன்றைக்குத்தான் போனேன்.

முதலில் பையன். ஐயா சொன்ன மாதிரி வெள்ளைத்தாளில் எழுதி, 5ஆம் பிரிவைத் தமிழில் பிரிண்ட் எடுத்துக் கூடவே வைத்தேன். எச்.எம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தடவை படித்தார். "இந்தத் தாளை நான் வெச்சுக்கலாமுங்களா" என்று கேட்டார். ஐயா, உங்கள் இனத்தைப் பற்றி நீங்கள் சொன்னது அப்படியே நடந்தது. டிராயரைத் திறந்து நீள நோட்டை எடுத்தார். கடைசியாக எழுதியிருந்த பெயருக்குக் கீழே பச்சை மையில் வரிசை எண் போட்டார். பையன் யாரும் சொல்லாமலே மேஜையில் கிடந்த சாக்பீஸை எடுத்துத் தரையில் தன் பெயரை எழுதிக் காட்டினான். இங்கிலீஷில். "தமிழ்ல எழுது கண்ணு" என்றதும் யோசித்து யோசித்து எழுதினான், நடுவில் ஒரு கால் விட்டுப்போயிற்று. எச்.எம். சிரித்துக்கொண்டே போட்டுவிட்டார். பையன் மதியம் அங்கேயே சாப்பிட்டுவிட்டான்.

பெண் விஷயம் சரியாக முடியவில்லை. டெஸ்ட் வைத்தார்கள். ஒரு பத்தி இங்கிலீஷ், நாலு கணக்கு. நான் மெதுவாகச் சட்டம் சொன்னேன். டெஸ்ட் சேர்க்கைக்கு இல்லை, இங்கிலீஷ் மீடியத்துக்கு மட்டும், 70 இடத்துக்கு 130 பேர் வந்திருக்கிறார்கள், தமிழ் மீடியம் என்றால் இப்போதே போட்டுவிடுகிறேன் என்றார்கள். பெண் முகம் வாடிவிட்டது. ஐந்து வருடம் இங்கிலீஷில் படித்தவள்.

சட்டப்புள்ளி | ஜூன் 9, இரவு 8.50

மீடியத்துக்கு என்றாலும் அது வடிகட்டல்தான். 14417இல் பதிவு செய்யுங்கள், பி.இ.ஓ. இல்லை, மேல்நிலைப் பள்ளி என்பதால் மாவட்டக் கல்வி அலுவலருக்கு எழுதுங்கள். 130 பேர் வந்தால் இன்னொரு பிரிவு கேட்க வேண்டியது பள்ளியின் வேலை.

ஓய்வு_எச்எம் | ஜூன் 9, இரவு 9.20

எழுதுங்கள். ஆனால் அதற்கு முன்னால் நாளைக்கே தமிழ் மீடியத்தில் சேர்த்துப் பதிவேட்டில் பெயரை ஏற்றிவிடுங்கள் தம்பி. மீடியம் பள்ளிக்குள்ளேயே மாறும், ஆறாவது என்ற வருடம் திரும்ப வராது. மஞ்சப்பை எழுதியதை இன்னொரு தடவை படியுங்கள். எந்த மீடியமாக இருந்தாலும் 2006 சட்டப்படி தமிழ் கட்டாயப் பாடம்தான், அவள் தமிழ் எழுதுவதும் கொஞ்சம் தேறட்டும். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர்தான். அந்தக் குழுத் தலைவி யார் என்று விசாரித்து அவரிடமும் சொல்லுங்கள். 60 பெற்றோர் சேர்ந்து கேட்டால் எச்.எம்.முக்கும் மேலே எழுத ஒரு காரணம் கிடைக்கும்.

சாக்பீஸ்துகள் | ஜூன் 10, காலை 6.40

ஐயா சொல்வதுதான் சரி. இங்கிலீஷ் மீடியத்தில் படித்த ஐந்தாவதுப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அந்தப் பாடம் உண்மையில் புரிகிறது என்று எனக்குத் தெரியும். எங்கள் நிர்வாகம் இதைப் படிக்காமல் இருக்கட்டும்.

நிலா_அம்மா | ஜூன் 12, மதியம் 3.10

அப்டேட்: பக்கத்து நடுநிலைப் பள்ளியில் யு.கே.ஜி. இருக்கிறதாம். சேர்த்துவிட்டேன். மாமியார் மட்டும் "ஒம்போது நாளு" என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

தறிநூல் | ஜூன் 24, இரவு 9.30

கொஞ்சம் தாமதமாக எழுதுகிறேன், தறி மறுபடி ஓட ஆரம்பித்துவிட்டது.

பெண்ணை 10ஆம் தேதி தமிழ் மீடியத்தில் சேர்த்துவிட்டேன். பெயர் பிறப்புச் சான்றிதழ்படி. போன வாரம் இங்கிலீஷ் மீடியத்தில் இன்னொரு பிரிவு பிரித்தார்கள், நாங்கள் இருபது பெற்றோர் சேர்ந்து போய்க் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததாலா, இல்லை அவர்களே செய்ததா தெரியாது. மாறுகிறாயா என்று கேட்டேன். "இங்க ஒரு ஃப்ரெண்டு கெடச்சிருக்கா, அரையாண்டு வரைக்கும் பாக்கறேன்" என்கிறாள். சரி, அவள் இஷ்டம்.

டிசி இன்னும் வரவில்லை. ஆனால் மாவட்டக் கல்வி அலுவலருக்குக் கடிதம் போன நாலாம் நாள் இரண்டு பேர் எண்ணும் காமன் பூலுக்கு வந்துவிட்டதாகப் பையனின் எச்.எம். போன் பண்ணினார். முதல் தவணை 2,000த்தை மணியார்டர் பண்ணினேன், வாங்கிக்கொண்டார்கள். சாக்பீஸ் டீச்சர், உங்களை நினைத்துக்கொண்டேதான் பண்ணினேன்.

இப்போது வீட்டில் வேறு சண்டை. காலை உணவு ஐந்தாவது வரைக்கும்தானாம். பையன் எட்டு மணிக்கே பள்ளிக்குப் போய்ப் பொங்கல், சாம்பார் சாப்பிட்டுவிட்டு வந்து அதைப் பற்றி வேறு பேசுகிறான். பெண் பழைய சோற்றைப் பிசைந்துகொண்டே, ஒரு வருடம் முன்னாலேயே ஏன் மாற்றவில்லை என்று கேட்கிறாள்.

ஓய்வு_எச்எம் | ஜூன் 24, இரவு 10.05

நல்லது தம்பி. ஆதாரில் பெயர் மாற்றிவிட்டீர்களா? பள்ளியிலேயே ஆதார் முகாம் வந்தால் கைரேகையையும் புதுப்பித்துவிடுங்கள், ஐந்து வயதுக்கு முன்னால் எடுத்த ஆதார் என்றால் அது பாக்கி இருக்கும்.

தறிநூல் | ஜூன் 24, இரவு 10.11

இல்லைங்க ஐயா. நாளைக்குப் போகிறேன்.